அடுத்த ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமராவிடம் ராமநாதபுரம் கரை எதிர்பார்ப்பது: கேள்விகளும் பதில்களும்

புதிதாக வரப்போகும் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் பாடியில் (பெரிய சென்சார் உள்ள, உள்ளே கண்ணாடி இல்லாத கேமராவின் உடல்; லென்ஸ் தனி) நம் கரைக்கு முதலில் வேண்டியது என்ன?

உப்பைத் தாங்கும் உடம்பு. மெகாபிக்சல், வேகம் எல்லாம் அதற்குப் பிறகுதான். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், தனுஷ்கோடி, கீழக்கரை, வாலிநோக்கம் என்று எங்கே நின்றாலும் ஏதோ ஒரு காற்று கடலைத் தூக்கிக்கொண்டு வந்து கேமரா மேல் போடும். ஆனி, ஆடியில் கச்சான் (தென்மேற்குக் காற்று) மணலோடு வரும். மார்கழியில் வாடை ஈரத்தோடு வரும்.

பெரும்பாலான கம்பெனிகள் ‘தூசியும் ஈரமும் தாங்கும்’ என்று எழுதுவதோடு நிறுத்திக்கொள்கின்றன. எவ்வளவு தூசி, எவ்வளவு ஈரம் என்று கேட்டால் பதில் இல்லை. பதினைந்தாயிரம் ரூபாய் போனிலேயே, தூசியும் நீரும் தாங்கும் அளவைச் சொல்லும் ஐபி எண் வந்துவிட்டது. இரண்டு லட்ச ரூபாய் கேமராவில் இல்லை. முடியாத காரியமும் அல்ல. லைகா எஸ்எல்3-க்கு ஐபி54 இருக்கிறது. சென்சார் சிறியதானாலும் ஓஎம் சிஸ்டம் ஓஎம்-1 ஐபி53 வாங்கியிருக்கிறது. சோனி, கேனான், நிக்கான், பானசோனிக் நான்கும் தங்கள் நடுத்தர விலை பாடிகளுக்கு இந்த எண்ணை வாங்கிப் பெட்டியில் அச்சிட வேண்டும். நம் கரையின் முதல் கோரிக்கை இதுதான்.

ஒன்றை மறக்கக் கூடாது. ஐபி சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. அந்த எண் இருந்தாலும் கடல்நீரில் நனைக்கலாம் என்று பொருள் இல்லை.

உப்பு பட்டால் அப்படி என்ன ஆகிவிடும்? துடைத்தால் போய்விடாதா?

உடனே துடைத்தால் போய்விடும். துடைக்காமல் பைக்குள் வைத்தால்தான் வினை. சாரல் காய்ந்ததும் பாடியின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புத்தூள் நிற்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்தத் தூள் தானாகவே காற்றிலிருந்து நீரை இழுத்து மறுபடி உப்புக்கரைசலாகும். கடலோர இரவுகளில் அந்த ஈரப்பதம் சாதாரணம். அதாவது நீங்கள் தூங்கும்போது, மூடிய பைக்குள்ளேயே கேமரா மறுபடி நனைகிறது. அந்தக் கரைசல் டயலின் இடுக்கு, பேட்டரிக் கதவின் கீல், ஹாட் ஷூ (ஃபிளாஷ் மாட்டும் இடம்), யுஎஸ்பி ரப்பர் மூடியின் ஓரம் என்று இறங்கும்.

முதலில் தெரியும் அறிகுறி ஹாட் ஷூவில் வரும் பச்சைப் படலம். அடுத்தது ட்ரைபாட் தட்டு: தட்டு அலுமினியம், திருகு எஃகு, நடுவே உப்புநீர். இரண்டு உலோகமும் அப்படிச் சேர்ந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகத் தள்ளும். சில மாதத்தில் திருகு கழலாது. தட்டை மாதம் ஒருமுறையாவது கழற்றிக் கழுவி, காயவைத்து மாட்டுங்கள்.

கரையிலிருந்து வந்ததும் சுத்தம் செய்யும் முறை?

வரிசை மாறக் கூடாது. முதலில் ரப்பர் ஊதியால் மணலை ஊதித் தள்ள வேண்டும். எடுத்த எடுப்பில் துணி வைத்தால் மணல்தான் உப்புத்தாளாக வேலை செய்யும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். அழுத்தக் காற்று டப்பாவும் வேண்டாம். அடுத்து, லென்ஸைக் கழற்றாமல், எல்லா மூடியும் மூடியிருக்க, குடிநீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் பாடி முழுவதும் துடைக்க வேண்டும். உப்பு தண்ணீரில்தான் கரையும். உலர்ந்த துணி அதை இடம் மாற்றி வைக்கும், அவ்வளவுதான். துணியை அலசிப் பிழிந்து இரண்டாம் முறை துடையுங்கள். பிறகு உலர்ந்த துணி. கடைசியாக ஹாட் ஷூவையும், லென்ஸ் மவுண்டின் பொன்னிறக் காண்டாக்ட்டுகளையும் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் ஒருமுறை.

வைக்கும் இடம்: காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, அதில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் 200 கிராம், சின்ன ஈரப்பதமானி ஒன்று. 40 முதல் 50 சதவீதம் காட்டினால் சரி. 60-ஐத் தாண்டியே இருந்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். 30-க்குக் கீழேயும் கொண்டுபோக வேண்டாம், ரப்பர் கெட்டிப்படும். ஏசி அறையிலிருந்து விடியற்காலையில் கிளம்பினால் கேமராவை மூடிய பைக்குள்ளேயே முக்கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். உடனே வெளியே எடுத்தால் கண்ணாடியில் மட்டுமல்ல, உள்ளேயும் பனி படியும்.

சீல் உள்ள பாடி வாங்கியும் உள்ளே தூசி வருகிறதே?

பாடியைவிட லென்ஸைச் சந்தேகப்படுங்கள். மவுண்டைச் சுற்றி மெல்லிய ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத லென்ஸை மாட்டினால் பாடியின் சீலுக்கு மதிப்பில்லை. நீண்டு சுருங்கும் ஜூம் லென்ஸ், துருத்தி மாதிரி ஒவ்வொரு இழுப்பிலும் வெளிக்காற்றை உள்ளே வாங்கும். கச்சான் காலத்தில் நீளம் மாறாத லென்ஸே நல்லது.

லென்ஸ் மாற்றும்போது சென்சாரை மறைக்கும் வசதி எல்லா பாடியிலும் வர வேண்டும் என்பது இன்னொரு நியாயமான ஆசை. 2018-இல் கேனான் ஈஓஎஸ் ஆர், பவர் அணைத்ததும் ஷட்டரை மூடி வழிகாட்டியது. நிக்கான் இசட்9, இசட்8 பாடிகளில் இதற்கென்றே தனி மறைப்பு உண்டு. விலை குறைந்த பாடிகளில் இன்னும் திறந்தே கிடக்கிறது. மறைப்பு இருந்தாலும் அணைத்து, மூடியதைப் பார்த்து, மவுண்டைக் கீழ்நோக்கிப் பிடித்துத்தான் மாற்ற வேண்டும். ஷட்டர் இலை மிக மெல்லியது. விரல் படக் கூடாது.

எத்தனை மெகாபிக்சல் போதும்? 24-ஆ, 45-ஆ, 61-ஆ?

கல்யாண ஆல்பத்துக்கு 24 தாராளம். பறவைக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1.3 மீட்டர் உயரப் பூநாரை 150 மீட்டர் தொலைவில் நிற்கிறது. கையில் 600 மி.மீ. லென்ஸ். சென்சாரில் பறவையின் உயரம் 5.2 மி.மீ., அதாவது 24 மி.மீ. உயரச் சட்டத்தில் (ஃபிரேமில்) ஐந்தில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதல். 24 மெகாபிக்சலில் பறவை சுமார் 870 பிக்சல் உயரம் வரும், 45-இல் சுமார் 1,190, 61-இல் சுமார் 1,370. மெகாபிக்சல் இரண்டரை மடங்கு ஏறியும் பறவை ஒன்றரை மடங்குதான் பெரிதாகிறது. அதையும் மணல்வெளியின் கானல் விழுங்கிவிடும். சூரியன் எழுந்து ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு எத்தனை மெகாபிக்சல் இருந்தாலும் கால் நெளியும், கண் கரையும். 33 முதல் 45 வரை, வேகமாக வாசிக்கும் சென்சார் என்பதே இங்கே கேட்க வேண்டியது.

பாம்பனில் சைலன்ட் ஷட்டரில் எடுத்த ரயில் சாய்ந்து தெரிகிறது. கேமரா கோளாறா?

கோளாறு இல்லை, ரோலிங் ஷட்டர். எலக்ட்ரானிக் ஷட்டரில் சென்சார் மேலிருந்து கீழே வரிவரியாக வாசிக்கப்படுகிறது. மேல் வரியை வாசித்த நேரத்துக்கும் கீழ் வரியை வாசிக்கும் நேரத்துக்கும் நடுவே ரயில் நகர்ந்துவிடும்.

2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் ரயில் மணிக்கு 75 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம், விநாடிக்கு 20.8 மீட்டர். உங்கள் சட்டம் 12 மீட்டர் அகலம், 8 மீட்டர் உயரம். 4 மீட்டர் உயரப் பெட்டி சட்டத்தின் பாதி. சோனி ஏ7 மார்க் 4 முழுச் சட்டத்தை வாசிக்கச் சுமார் 66 மில்லிவிநாடி எடுக்கும். பாதிக்கு 33. அதற்குள் ரயில் கிட்டத்தட்ட 70 செ.மீ. நகரும். நான்கு மீட்டர் பெட்டியில் 70 செ.மீ. சாய்வு என்றால் பத்து டிகிரி. யார் கண்ணுக்கும் தெரியும். நிக்கான் இசட்6 வரிசையின் மூன்றாம் மாடல், 2024-இல் பாதி ஸ்டேக்டு (வேகமாக வாசிக்க ஒரு பகுதி அடுக்காகக் கட்டிய) சென்சாரோடு வந்தது, சுமார் 14 மில்லிவிநாடி. சாய்வு 15 செ.மீ.க்குள் அடங்கும். இசட்8, இசட்9 நான்கு மில்லிவிநாடிக்கும் கீழே, சாய்வு 4 செ.மீ. அளவு; கவனிக்கவே முடியாது.

ஆகவே அடுத்த தலைமுறை நடுத்தர விலை பாடிகளிடம் கேட்க வேண்டிய எண்: 10 மில்லிவிநாடிக்குள் வாசிப்பு. அதுவரை ரயிலுக்கும் இறக்கை வேகமாக அடிக்கும் ஆலாவுக்கும் மெக்கானிக்கல் ஷட்டரே சரி. அதிலும் இந்தச் சாய்வு மிகக் கொஞ்சம் உண்டு. அதன் திரை சில மில்லிவிநாடியில் கடந்துவிடுவதால் தெரிவதில்லை.

சாலைப் பாலத்தில் ட்ரைபாட் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பேருந்து கடக்கும்போது அதிர்வு கால் வழியே ஏறும். வண்டி போன பிறகு எடுங்கள். அல்லது கையில் பிடித்து பாடியின் ஸ்டெபிலைசரை நம்புங்கள்.

அப்படியானால் எல்லாவற்றிலும் குளோபல் ஷட்டர் வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததுதானே?

பாதி தீரும். 2023 நவம்பரில் அறிவித்த சோனி ஏ9 மார்க் 3 எல்லா வரியையும் ஒரே நொடிப்பில் வாசிக்கிறது. சாய்வு சுத்தமாக இல்லை. ஆனால் அதன் அடிப்படை ஐஎஸ்ஓ (ஒளியுணர் அளவு) 250. 100-இல் தொடங்கும் சென்சாரைவிட ஒன்றேகால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு) வெளிச்சம் குறைவாகவே ஒரு பிக்சல் கொள்ளும். தனுஷ்கோடியின் முனையான அரிச்சல்முனையில் சூரியன் எழும்போது வானத்தின் மஞ்சளும் முன்னால் கிடக்கும் பாறையின் கறுப்பும் ஒரே படத்தில் வேண்டும் என்பவருக்கு அது இழப்பு. பாதி ஸ்டேக்டு சென்சாரிலும் நிழல் பகுதியைத் தூக்கும்போது பொரிப்பொரியான புள்ளிகள் (நாய்ஸ்) கொஞ்சம் கூடுகின்றன. வேகத்துக்கு இன்றைக்குக் கொடுக்கும் விலை இது. ஐஎஸ்ஓ 100-இல் தொடங்கும் குளோபல் ஷட்டர் வந்தால் அதுதான் உண்மையான முன்னேற்றம்.

தனுஷ்கோடியில் அவுட்டோர் ஷூட் எடுப்பவர்களுக்குக் குளோபல் ஷட்டரின் அருமை வேறு இடத்தில் இருக்கிறது: ஃபிளாஷ். மதிய வெயிலில் வெண்மணலில் ஐஎஸ்ஓ 100, 1/200 என்றால் லென்ஸ் துளை எஃப்/16 என்று சுருங்கி நிற்கும். பின்னணி மங்கவே மங்காது. ஏ9 மார்க் 3-இல் ஐஎஸ்ஓ 250, எஃப்/2.8 வைத்து 1/16000-இல் ஃபிளாஷ் அடிக்கலாம். அது 1/80000 வரை ஒத்துப்போகும். ஃபிளாஷை முழு பவரில் வைத்தால் அதன் ஒளி ஷட்டரைவிட நீண்ட நேரம் எரியும், ஒரு துண்டுதான் பதிவாகும். கால் பவரோ அதற்கும் கீழோ வைத்து, விளக்கை மணமக்களுக்கு அருகே கொண்டுபோங்கள்.

பூநாரைக்கு என்ன வசதி வர வேண்டும்?

2025-இல் தமிழ்நாடு அரசு தனுஷ்கோடியைப் பெரும் பூநாரை சரணாலயமாக அறிவித்துவிட்டது. கிட்டே போய்க் கலைக்கும் பேச்சே கிடையாது. தொலைவிலிருந்து எடுக்கத்தான் கேமராவும் லென்ஸும் உதவ வேண்டும்.

முதல் தேவை எடை குறைந்த நீள லென்ஸ். நிக்கானின் 600 எஃப்/6.3 லென்ஸ் ஒன்றரைக் கிலோவுக்குள் இருக்கிறது. சோனி 200-600, கேனான் 200-800 இரண்டும் இரண்டு கிலோவுக்கு மேல். மணலில் இரண்டு கிலோமீட்டர் நடப்பவருக்கு அந்த அரைக் கிலோ பெரிது. ஒன்றரைக் கிலோவில், நீளம் மாறாத, சீல் போட்ட, நடுத்தர விலை லென்ஸை எல்லா மவுண்டிலும் கேட்கிறோம்.

இரண்டாவது, ஷட்டரை அமுக்குவதற்கு முந்தைய நொடியையும் சேர்த்துவைக்கும் வசதி. கூட்டம் எப்போது எழும்பும் என்று யாருக்கும் தெரியாது. விரல் அசைவதற்குள் முதல் இறக்கையடிப்பு முடிந்துவிடும். ஏ9 மார்க் 3-இல் ஒரு விநாடி வரை ரா (RAW, சுருக்காத மூலக் கோப்பு) வடிவிலேயே கிடைக்கிறது. கேனான் ஆர்5 மார்க் 2 அரை விநாடி. நிக்கான் இசட்8-இல் ஒரு விநாடி உண்டு, ஆனால் ஜேபெக் மட்டும். வெள்ளைப் பறவையின் இறகு விவரம் ஜேபெக்கில் எளிதில் வெளுத்துப்போகும், ராவாக வேண்டும்.

மூன்றாவது, நீரின் மினுக்கலுக்கு ஏமாறாத ஃபோகஸ். காலை வெயில் அலையில் பட்டுத் தெறிக்கும் ஆயிரம் புள்ளிகளைச் சில கேமராக்கள் விளிம்பென்று எண்ணிப் பிடித்துக்கொள்கின்றன. இப்போதைக்கு வழி: பறவைக் கண்டறிதலைப் போட்டு, ஃபோகஸ் பரப்பை முழுச் சட்டத்திலிருந்து சிறிய கட்டத்துக்குக் குறைத்து, லென்ஸில் உள்ள தூர எல்லைச் சுவிட்சைப் பயன்படுத்துங்கள். எக்ஸ்போஷரை மைனஸ் 0.7-இல் தொடங்கி ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவல் வரைபடம்) பாருங்கள்.

சூரிய உதயத்தை நேராக எடுத்தால் சென்சார் போய்விடுமா?

அகல லென்ஸில், அடிவானத்தில் சிவந்திருக்கும் சூரியன் பயமில்லை. 400 மி.மீ.க்கு மேல், சூரியன் வெள்ளையாகிவிட்ட பிறகு, நீண்ட நேரம் நேராகப் பிடிக்காதீர்கள். பலர் கவனிக்காதது வியூஃபைண்டர். அதன் கண்ணாடி ஒரு பூதக்கண்ணாடி. கழுத்தில் தொங்கும் கேமராவின் வியூஃபைண்டர் சூரியனைப் பார்த்தால் உள்ளே உள்ள சின்னத் திரை கருகி, அழியாத புள்ளி விழும். அதற்கு ஒரு மூடி தர எந்தக் கம்பெனிக்கும் பெரிய செலவாகாது.

கல்யாண மண்டபத்தில் எல்இடி விளக்குக் கீழே படத்தில் பட்டை பட்டையாக விழுகிறது.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விநாடிக்கு 100 முறை மினுங்கும். 66 மில்லிவிநாடியில் வாசிக்கும் பாடியில், எலக்ட்ரானிக் ஷட்டரில், ஒரு படத்துக்கு ஆறேழு பட்டை. 14-இல் வாசிப்பதில் ஒன்று, ஒன்றரை. முகத்தின் நடுவே விழுந்தால் அதுவும் தொல்லைதான். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி 1/100 வையுங்கள், ஃபிளிக்கர் தவிர்ப்பைப் போடுங்கள். மேடைக்குப் பின்னால் உள்ள எல்இடி திரை இதைவிட வேகமாக மினுங்கும். அதற்கு ஷட்டர் வேகத்தைத் தசம அளவில் நகர்த்தும் வசதி சில பாடிகளில் இருக்கிறது. மேளம் கொட்டத் தொடங்குவதற்கு முன்பே மேடையை நோக்கி நாலு சோதனைப் படம் எடுத்து அந்த எண்ணைப் பிடித்துவையுங்கள். தாலி கட்டும் நேரத்தில் மெனுவில் தேட முடியாது.

சத்தமில்லாத ஷட்டர் நிக்காஹ் மஜ்லிஸிலும் சர்ச்சிலும் அவசியம். பட்டையில்லாமல் அது கிடைக்க வேகமான வாசிப்பு வேண்டும். இங்கேயும் அதே கோரிக்கைதான்.

இரண்டு கார்டு இடமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்கிறார்களே, ஏன்?

இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதினால் மெதுவான கார்டின் வேகம்தான் மொத்த வேகம். 45 மெகாபிக்சல் ரா ஒன்று ஏறக்குறைய 50 எம்பி. விநாடிக்கு 20 படம் என்றால் 1,000 எம்பி. எஸ்டி கார்டுகளில் வேகமான வி90 வகையே 250 எம்பி அளவில்தான் எழுதும். அதைவிட வேகமான சிஎஃப்எக்ஸ்பிரஸ் கார்டு ஒரு பக்கம் சும்மா காத்திருக்கும், பஃபர் (கேமராவின் தற்காலிக நினைவகம்) நிரம்பி கேமரா நின்றுவிடும். கல்யாணத்துக்கு எப்படியும் இரண்டு கார்டிலும் எழுதுங்கள். வேகத்தை விநாடிக்கு 5, 6 படமாகக் குறைத்தால் போதும்.

வெயிலில் வீடியோ எடுக்கும்போது கேமரா சூடாகி அணைந்துவிடுகிறது.

பெரும்பாலான மேனுவல்களில் உள்ள உச்ச வெப்பநிலை 40 டிகிரி. சித்திரை வெயிலில் கறுப்பு பாடி அதை எளிதில் தாண்டும். திரையை முதுகிலிருந்து விலக்கி வையுங்கள், சூடு அந்த வழியாகத்தான் போகும். சூடு அணைப்பு வரம்பை ‘உயர்’ என்று மாற்றுங்கள். டேக் இல்லாத நேரத்தில் வெள்ளைத் துணியோ குடையோ பிடியுங்கள். 8கே வேண்டாம், 4கே-இல் விநாடிக்கு 25 ஃபிரேம் போதும். எதிர்பார்ப்பு எளியது: எத்தனை டிகிரியில் எத்தனை நிமிடம் ஓடும் என்பதை 25 டிகிரி அறைக்கு மட்டுமல்லாமல் 40 டிகிரிக்கும் சேர்த்து அச்சிட வேண்டும்.

அதோடு சேர்ந்தது உள்ளமைந்த என்டி, அதாவது வெளிச்சத்தைக் குறைக்கும் ஃபில்டர். கடற்கரை மதியத்தில் ஐஎஸ்ஓ 100, 1/100-க்கு எஃப்/22. வீடியோவுக்கு 1/50, எஃப்/2.8 வேண்டுமென்றால் ஏழு ஸ்டாப், அதாவது என்டி128. பிறகு நிறம் திருத்த வசதியான லாக் முறையில் எடுக்க ஐஎஸ்ஓ 800 போனால் இன்னும் மூன்று, என்டி1000. சோனியின் எஃப்எக்ஸ்6 சினிமா கேமராவில் எலக்ட்ரானிக் என்டி ஏற்கெனவே இருக்கிறது. அது ஃபோட்டோ பாடிக்குள் வந்துவிட்டால், காற்றில் மணல் பறக்கும்போது ஃபில்டரைத் திருகிக்கொண்டு நிற்க வேண்டாம்.

பேட்டரி?

நாளுக்கு மூன்று. பவர் பேங்க் வாங்கினால் 9 வோல்ட், 3 ஆம்பியர் யுஎஸ்பி பிடி (பவர் டெலிவரி) உள்ளதாகப் பாருங்கள். சாதாரண 5 வோல்ட்டில் பல பாடிகள் வேலை செய்துகொண்டே சார்ஜ் ஏறாது. 10,000 எம்ஏஎச் பவர் பேங்கில் 16 வாட்-அவர் பேட்டரி ஒன்றரை முறை நிரம்பும். யுஎஸ்பி மூடியைத் திறந்துவைத்துக் கரையில் சார்ஜ் போடாதீர்கள், உப்புக்குக் கதவைத் திறந்துவைத்த மாதிரி.

புதியது வரும்வரை காத்திருக்கலாமா?

தை முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் வாங்கிவிட்டவர் காத்திருக்கக் கூடாது. இன்று கடையில் உள்ள 24 முதல் 33 மெகாபிக்சல் பாடி, இரண்டு கார்டு இடத்தோடு, அந்த வேலையைக் குறையில்லாமல் செய்யும். பறவைக்கும் ரயிலுக்கும் வாங்குபவர் பொறுக்கலாம். வேகமான சென்சார் ஒவ்வொரு வருடமும் ஒரு படி விலை இறங்கி வருகிறது. எதை வாங்கினாலும் பணத்தில் பாதியை லென்ஸுக்கு ஒதுக்குங்கள்.

பில் இல்லாமல் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். கேமராவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அந்தத் தொகை மிச்சமாவது போலத் தெரியும். இந்திய வாரண்டி இல்லாத பாடியை சர்வீஸ் சென்டர் வாரண்டியில் எடுக்காது. பில்லோடு வாங்கினாலும் உப்பு, மணல், தண்ணீர்ச் சேதத்துக்குப் பொதுவாக வாரண்டி பொருந்தாது என்பதால், நீர்ச் சேதத்தைச் சேர்த்துக்கொள்ளும் இன்சூரன்ஸ் எடுங்கள். எடுக்கும்போது சீரியல் எண், பில் இரண்டும் பாலிசியில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.